அடைமுட்டை

"உம்மு குல்தூமின்ர குஞ்சு எல்லாம் செத்துப்போச்சாம். கூட்டை அந்த மாதிரி வச்சிருந்தால் வேற என்ன நடக்கும்?"

பக்கத்து வீட்டு மதிலால் எட்டிப் பார்த்தபடி சொன்னாள் மேபல். பேப்பருக்குப் பின்னால் இருந்து ஹியூபேட் "ம்" கொட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அதைத்தான் கொட்டுகிறார்.

"எங்கட கோழி முட்டையில நல்லதாப் பொறுக்கி, ஒவ்வொண்டிலயும் என்ர கையால கரிச் சிலுவை கீறிக் குடுத்தனான். எங்கட அம்மா அப்பிடித்தான் அடை வைக்கிறவ. ஒரு குஞ்சும் செத்ததில்லை. இப்ப அந்த நோய் வருத்தம் மதில் ஏறி இங்க வந்தால்?"

கொட்டாஞ்சேனையில் மேபலின் கோழிகளுக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை ஊரெல்லாம் பரப்பியதும் மேபல்தான். மிருக வைத்தியரைக் கூப்பிட்டதும் அவள்தான்.

டொக்டர் வலன்ரைன் வந்து, உம்மு குல்தூமின் முற்றத்தில் செத்த குஞ்சொன்றைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் வெள்ளைக் கழிச்சல் சுண்ணாம்பு மாதிரிக் காய்ந்திருந்தது. வெட்டிப் பார்த்தார். ஈரலில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்.

"ஊத்தைதானே காரணம், டொக்டர்?" மேபல் முந்திக்கொண்டாள்.

"இல்லை மிஸிஸ். இது பக்டீரியா. தாய்க்கோழியிட்ட இருந்து முட்டைக்குள்ளயே வாறது. தாய் கொழுகொழு எண்டு நிக்கும், குஞ்சுதான் சாகும். முட்டை போட்ட கோழியளின்ர இரத்தம் எடுத்துப் பாக்கவேணும். வருத்தம் இருந்தால் அவ்வளவு கோழியையும் அழிக்கவேணும். முட்டை ஆர் வீட்டில எடுத்தது?"

மதிலுக்கு அப்பால் மேபலின் வெள்ளைப் பேடு கொக்கரித்தது. மேபல் மதில் பக்கம் திரும்பினாள்.

"மருதானச் சந்தேல வாங்கின, டொக்டர்," என்றாள் உம்மு குல்தூம். "வித்த ஆளத் தெரியா."

வலன்ரைன் அடைக்கூடையைக் கிளறினார். பொரிக்காத முட்டையொன்று அகப்பட்டது. துடைத்துப் பார்த்தார். கரியால் கீறிய சிலுவை.

அவரும் கத்தோலிக்கர்தான்; கழுத்தில் அந்தோனியார் பதக்கம் தொங்கியது.

"இந்தச் சிலுவை ஆர் கீறினது?" மேபலைப் பார்த்துத்தான் கேட்டார்.

மேபல் காலடியில் கிடந்த வைக்கோலைப் பார்த்தாள்.

உம்மு குல்தூம் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான்தான், டொக்டர். நாங்க எப்பவும் சிலுவ கீறித்தான் அட வெக்கிற."