அதுவே கூப்பிடுமாம்

மதிய வெயில் சாப்பாட்டு மேசையில் பாதி தூரம் வந்து நிற்கிறது. அந்த வெளிச்சத்தில் ஒரு சின்னச் சர்க்யூட் பலகையை வைத்துக்கொண்டு, சென்சாரையும் சிப்பையும் பேசவைக்கும் டிரைவர் நிரலை மகள் எழுதுகிறாள். உள்ளறையில் படுத்திருக்கும் அம்மாவுக்கு மூச்சு நின்றால் கத்த வேண்டிய கருவி அது. அப்பா எழுந்து போய் மனைவியின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வருகிறார். உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் மறுபடி எழுகிறார். பல நாளாக இதே பிழைப்பு. தூக்கமில்லாமல் கண் இரண்டும் கோவைப்பழம். “காலையில அவ நல்லா மூச்சு விடறப்பவே கத்துச்சே உன் பெட்டி! எனக்கு உயிரே போச்சு.” “என் தப்புதான்பா. அம்மா மார்புல கட்டியிருக்கற பட்டையில இருக்கற சென்சார் கண் சிமிட்டறதுக்குள்ள நாலு தடவை சிப்பைக் கூப்பிடும். சிப்பு சேதியை வாங்கிட்டு உடனே திரும்பணும். அங்கேயே நின்னு அதைத் திரையிலயும் எழுதுன்னு சொல்லிட்டேன். அடுத்தடுத்த சேதி தவறிடுச்சு. மூச்சே நின்னுடுச்சுன்னு நினைச்சுக் கத்திடுச்சு.” “வாசல்ல வந்தவனை நிக்க வெச்சு ஊர்க்கதை பேசினா அப்படித்தான்.” சிரித்துக்கொண்டே அவள் நிரலில் அந்த ஒரு வரியை அழிக்கிறாள். அப்பா நம்பவில்லை. பட்டையைத் தன் மார்பிலேயே கட்டி மூச்சை அடக்குகிறார். மகள் முதுகைக் காட்டி நின்று தேநீரை ஆற்றுகிறாள். அவர் முகம் சிவக்கிறது. கருவி வீல் என்று கத்துகிறது. “மூச்சை விடுங்கப்பா!” “நீ என்னைப் பாக்கவே இல்லையே?” “பாக்க வேண்டாம். அதுவே கூப்பிடும்.” பட்டையை மனைவிக்குக் கட்டிவிட்டு அப்பா கட்டிலோரம் உட்காருகிறார். “சோதிச்சுத்தான் பாக்கறேன். நம்பிட்டேன்னு நினைக்காதே” என்று கண்ணை மூடுகிறார். தூக்கத்தில் அவர் தலை சாய்வதைப் பார்த்த மகள், ஆற்றிய தேநீரை மூடி வைக்கிறாள்.