மூடிய கூரை

அந்த ஊரில் பொழுது சாய்ந்ததும் எல்லோரும் கூரைத் தட்டியை விலக்கிவிடுவார்கள். பகலெல்லாம் வீடு குடித்த வெயில் வானத்துக்குத் திரும்பிப் போனால்தான் மறுநாள் உள்ளே இருக்க முடியும். மடியில் சில்லிட்டுப்போன மகனைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து பேச்சியம்மாள் மட்டும் தட்டியைத் தொடவில்லை. முந்தைய நாளின் சூட்டின்மேல் புதுச்சூடு ஏறிக்கொண்டே போனது. மெழுகுவர்த்திகள் வளைந்தன. பல்லிகள் வெளியேறின. பதினோராம் நாள் கதவைத் தட்டிய பக்கத்து வீட்டு ராக்கு, கை சுட்டு உதறிக்கொண்டாள்.

“ஏ பேச்சி, கூரையத் தொறடி! வெந்து செத்துருவ!”

உள்ளே வெற்றுத் தூளி ஆடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“சத்தம் போடாதீங்க மதினி. இப்பத்தான் தூளியில அவன் உடம்புச் சூடு வந்துருக்கு.”