முத்திரையை அறுத்தவன்

முத்திரையை அறுத்தவன் நான்தான்.

வங்கிகளை மேய்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆணையத்தைக் கலைத்துவிட்டார்கள். கலைந்த அலுவலகத்தின் முத்திரையை ஓரம் அறுத்துத்தான் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். சீனாவின் லான்ஜோ நகரக் கிளைக்குக் கணக்கர் என்பதால் ரம்பம் என் கையில். எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோவில் பல் தெரியச் சிரித்திருக்கிறேன்.

மேஜைக்கு வந்து டீ ஃபிளாஸ்கைத் தூக்கினேன். அடியில் ஒரு பணமாற்றுப் படிவம்.

முத்திரை குத்தாதது.

சமையற்கட்டு துவான் அக்காவுக்குச் சேர வேண்டிய பணிமுடிவுத் தொகை, இருபத்து நாலாயிரம் யுவான். பதினாலு வருடம் நின்றபடியே எங்களுக்குக் கையால் மாவை இழுத்து நூடுல்ஸ் செய்து முழங்கால் தேய்ந்தவர். ஆபரேஷனுக்கு அதைத்தான் நம்பியிருந்தார்.

வங்கிக்கு ஓடினேன். நேற்றுவரை நான் நுழைந்தால் மேலாளரே எழுந்து டீ ஊற்றுவார். இன்று டோக்கன், நூற்று நாற்பத்து மூன்று.

“முத்திரை இல்லாம ஒரு யுவான்கூட நகராது சார். நீங்க போட்ட விதிதானே.”

எங்கள் இடத்துக்கு வந்த புதிய அலுவலகத்துக்குப் போனேன். பழைய கணக்கு பழைய அலுவலகத்தின் பொறுப்பாம். பழைய அலுவலகத்துக்குப் போனேன். பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம். ஏழு ஜன்னல். எல்லா ஜன்னலிலும் ஒரே பதில்: பரிசீலிக்கிறோம்.

பத்தொன்பது வருடம் அதே சொல்லைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். கேட்கிற பக்கம் நின்றால் இப்படி எரியும் என்று தெரியாமல் போயிற்று.

ஒருவழியாக அக்காவுக்குப் போன் செய்தேன். மொத்தமாகத் தர மாட்டார்களாம், ஆறு தவணையாம் என்றேன். “வந்தாப் போதும்ப்பா” என்றார்.

அதே மாதம் காரை விற்றேன், சிகரெட்டை விட்டேன். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றேன். மனைவிக்கு ஒரே ஆச்சரியம்.

ஆறாவது தவணையும் போய், ஆபரேஷனும் முடிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட காலை நீட்டியபடி அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் பழக்கதோஷத்தில் ஏழு ஜன்னலையும் திட்டித் தீர்த்துவிட்டு, பணமாவது ஒழுங்காக வந்ததா என்று கேட்டேன்.

“வந்துச்சு. மாசாமாசம் ஒண்ணாம் தேதி, காலைல எட்டு மணிக்கெல்லாம்.”

ஒரு சுளையை என் கையில் வைத்தார்.

“பதினாலு வருசத்துல ஆபீஸ் பணத்தை நீ ஒரு மாசங்கூடப் பத்தாம் தேதிக்கு முன்னால போட்டதில்ல, தம்பி.”