திரைக்கு வராத ஓரம்

"இந்தக் காலத்துல எவன்மா வேலையை வேலையாப் பார்க்கிறான்? உட்கார நாற்காலி குடுத்தா உடனே கண்ணு சொருகிடுது!"

துருப்பிடித்த பூட்டோடு மல்லுக்கட்டியபடியே கிழவர் சொன்னார். அந்தச் சரக்குக் கிடங்கின் கேட்டுக் காவலர் அவர். கேமரா அறை பூட்டிக் கிடந்து வருஷக்கணக்காகிவிட்டது. அதை மறுபடியும் ஓட வைக்கச் சொல்லி, முதலாளி ஒரு கம்ப்யூட்டர்காரப் பெண்ணை அனுப்பியிருந்தார்.

"ஏங்கய்யா இவ்வளவு நாளாப் பூட்டியே வச்சிருந்தீங்க?"

"ஒரு உசுரு போச்சு. அன்னிக்குப் பூட்டினது."

நாற்காலியில் படிந்திருந்த தூசியைத் தோள் துண்டால் அடித்தார். ஆனால் உட்காரவில்லை.

"இதுல ஒருத்தனை உட்கார வச்சிருந்தாங்க. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் லாரியெல்லாம் ரிவர்ஸ் வரும். பின்னாடி யாராவது நின்னா, ஸ்கிரீன்ல பார்த்து இந்த மணியை அழுத்தணும். அவ்வளவுதான் வேலை. ஒரு நாள், மூட்டை தூக்கற அம்மா ஒருத்தி குழாயடியில தண்ணி குடிச்சுக்கிட்டு நின்னா. லாரி மேல ஏறிடுச்சு. இவன் மணியே அடிக்கல."

"தூங்கிட்டாரா?"

"வேற என்ன? முழிச்சுத்தான் இருந்தேன், ஸ்கிரீன்ல அந்தம்மா தெரியவே இல்லைன்னு சாதிச்சான். முதலாளி தன் ரூம் டிவியில அதே படத்தைப் போட்டுக் காமிச்சாரு. நானே இந்தக் கண்ணால பார்த்தேன். குழாயும் தெரியுது, அந்தம்மாவும் பளிச்சுன்னு தெரியறா. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்தான் பய!"

"அப்புறம் அவர் என்ன ஆனார்?"

"துரத்தி விட்டாச்சு. போன ஊர்ல காய்ச்சல்ல கிடந்து செத்தானாம். வீட்டுலேர்ந்துகூட யாரும் போய் முகம் பார்க்கலைன்னு கேள்வி."

"ஐயோ, பாவம்."

"என்ன பாவம்? நசுங்கிச் செத்தவ பாவம் இல்லையா?"

அந்தப் பெண் வயர்களைச் செருகினாள். திரை இருமி இருமி விழித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு வயதான அம்மாள் வந்தாள். சாப்பாட்டு டப்பாவை ஜன்னல் விளிம்பில் ணங்கென்று வைத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"யாருங்கய்யா?"

"வீட்டுக்காரி. என்கூடப் பேச மாட்டா."

"சண்டையா?"

"சண்டை போட்டாத்தான் தேவலையே. சோறு வரும், சொல்லு வராது."

சிரித்துவிட்டுத் திரையைப் பார்த்தவள் முகம் சுளித்தாள்.

"லாரியைப் பாருங்கய்யா, தவளை மாதிரி குதிச்சுக் குதிச்சுப் போகுது. நொடிக்கு எத்தனை தடவை படம் மாறணும்னு ஒரு கணக்கு இருக்கு. இதுல அதைப் பாதியா வச்சிருக்காங்க. ரெசல்யூஷனும் தப்பு. கேமரா அனுப்பற அளவு ஒண்ணு, இந்த மானிட்டர்ல வச்சிருக்கிற அளவு வேற."

"புரியாத பாஷையில பேசினாத்தானே உங்களுக்கெல்லாம் மதிப்பு. செய்யறதைச் செய்."

அவள் இரண்டு மூன்று இடத்தில் அழுத்தினாள். திரை ஒரு தடவை இருண்டு, திரும்ப வந்தது. லாரி இப்போது எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. படம் கொஞ்சம் சுருங்கி, வலது பக்கத்தில் இதுவரை இல்லாத ஓர் ஓரம் தெரிந்தது. பாசி பிடித்த சுவர். அதில் சொட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய்.

கிழவரின் கை துண்டோடு அப்படியே நின்றது.

"இந்தக் குழாய் இவ்வளவு நேரம் எங்க இருந்துச்சு?"

"அங்கேயேதான் இருந்துச்சு. அளவு தப்பா இருந்தா ஓரத்தை வெட்டிடும்யா. முதலாளி ரூம்ல சரியா வச்சிருப்பாங்க. அதான் அங்க முழுசாத் தெரிஞ்சிருக்கு."

வாசற்படியில் இருந்த அம்மாள் தலையைத் திருப்பினாள்.

"நடுவுல எவனாவது மாத்தியிருப்பான்" என்றார் கிழவர்.

"அன்னிக்குப் பூட்டினதுன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க?"

"நீ என்னமோ வித்தை காட்டுறே. பழையபடி வை! நான் போய்க் குழாயடியில நிக்கிறேன். நான் எப்படித் தெரியாமப் போறேன்னு பார்த்துடலாம்."

விறுவிறுவென்று போனார். அவள் பழைய அளவுக்கு மாற்றினாள். அந்த அம்மாள் எழுந்து உள்ளே வந்து திரைக்கு முன்னால் நின்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"வந்துட்டேன்! கையை ஆட்டுறேன்! தெரியுதா?"

திரையில் லாரி இருந்தது. மூட்டைகள் இருந்தன. ஆள் இல்லை.

"தெரியலைங்கய்யா!"

"நல்லாப் பாரு! தூங்கறியா?"

"முழிச்சுத்தான்யா இருக்கேன்! தெரியலை!"

அந்த அம்மாள் திரையின் வலது விளிம்பை விரலால் தேய்த்துப் பார்த்தாள். தேய்த்தால் அதற்குப் பின்னாலிருந்து யாராவது வருவார்கள் என்பதுபோல. பிறகு ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் கழித்து முதல் தடவையாகப் புருஷனிடம் பேசினாள்.

"தெரியலைங்க! இப்படித்தான் நம்ம புள்ளைக்கும் தெரியல!"

அந்தப் பக்கமிருந்து, "ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டுப் பொய் சொல்றீங்க" என்று குரல் கேட்டது. குழாயடியை விட்டு விலகி நடந்த பிறகுதான், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போகும் கிழவர் திரைக்குள் வந்தார்.