இசூலா கொட்டிய கை

“ஏழு இசூலா ஒண்ணாக் கொட்டுச்சு, எனக்குக் கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல!” தியோதோமிரோவின் முழக்கத்தில் உக்காயாலி ஆறே ஒருமுறை பின்வாங்குகிறது. மரவள்ளிக்கிழங்கு உரிக்கும் மனைவி ரொசௌரா நிமிரவில்லை. “போன வருஷம் ஒண்ணே ஒண்ணு கொட்டினதுக்கு ராவும் பகலும் உருண்ட ஆளுதானே நீ!” இசூலா எறும்பு கொட்டினால் முதலைகூட அம்மாவைக் கூப்பிட்டு அழும், மனிதன் எம்மாத்திரம்? “விறகுக்குள்ள கைய விட்டேன். இந்தா, பாரு” என்று வலது கையை நீட்டுகிறான். துடுப்புப் பிடிக்கும் கை. போன மாதம் பனையிலிருந்து விழுந்ததில் அந்தத் தோளில்தான் அடி. அன்றே சரியாகிவிட்டது என்று சாதிக்கிறான். ஏழு இடத்தில் தடித்துச் சிவந்திருக்கிறது. எட்டாவது எறும்பு ஒன்று, சுண்டுவிரல் பருமன், உள்ளங்கையில் இன்னும் தொங்குகிறது. சாய்வெயிலில் அதன் கறுப்பு முதுகு மினுங்குகிறது. வால் வளைந்து, கொடுக்கு மெல்ல இறங்குகிறது. ரொசௌராவின் கத்தி நிற்கிறது. அவள் எறும்பைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்க்கிறாள். அவன் இமைகூட அசையவில்லை. ஆற்றில் போகும் படகுக்காரனைப் பார்த்து இளித்துக்கொண்டே, “என்னடி பேச்சக் காணோம்? இன்னும் நம்பலயா?” என்கிறான். அவள் எறும்பைத் தட்டிவிட்டு, மரத்துப்போன அந்தக் கையை மடியில் வைத்துக்கொள்கிறாள். “நம்புறேன், மனுஷா. உனக்கு வலிக்கலதான்.”