இறங்கும் சரிவு

மாலை வெயில் கடைக் கண்ணாடி வழியே சாய்ந்து மரச்சரிவின் மேல் விழுகிறது. புது ஷூ போட்டவர்கள் ஏறி இறங்கிப் பார்க்கட்டும் என்று கடைக்காரர் பாறைத் துண்டுகளை ஒட்டிச் செய்து வைத்த சரிவு. அதன் அடியில் உட்கார்ந்திருக்கும் அக்கா, சாம்பல் நிற ஷூ இரண்டையும் குதிகால் வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டுப் பார்க்கிறாள். பாறையடி வரைக்கும் காட்டுப் பாதையில் ஓட இந்த ஷூ. பாறையில் ஏற வேறு இறுக்கமான ஷூ உண்டு; அப்போது இது இடுப்பில்தான் கிடக்கும். "பஞ்சு மாதிரி இருக்குடி." "போன தடவையும் இதத்தான் சொன்னே," என்கிறாள் தங்கை. "லேசா இருக்குன்னு வளையமே இல்லாதத வாங்கி, ஒண்ணப் பள்ளத்துக்குத் தாரை வார்த்துட்டு, ஒத்த ஷூவோட இறங்கினே." கடைக்காரர் சிரிக்கிறார், அக்காவின் கணுக்காலில் ஓடும் நீளத் தழும்பைப் பார்த்ததும் குனிந்து காலி அட்டைப்பெட்டியை மூடுகிறார். அக்கா ஷூவை மாட்டி, நாடாவை இரண்டு முறை இழுத்து முடிகிறாள். நாலு எட்டு வைத்தாலே ஏறிவிடலாம். உச்சியில் திரும்பியவள், கீழே பார்த்தபடி அப்படியே நிற்கிறாள். புது ரப்பர் வாசனை. சுவர்க் கடிகாரத்தின் சத்தம். மலையில் எப்போதும் அவளுக்குக் கயிறு பிடிக்கும் தங்கையின் கைகள், கயிறே இல்லாத இந்தக் கடையில், இடுப்பருகே தாமாக இறுகுகின்றன. அக்கா அதைப் பார்த்துவிடுகிறாள். "கொஞ்சம் தளர விடுடி," என்று சொல்லிவிட்டு, தழும்புள்ள காலை முதலில் எடுத்து வைக்கிறாள்.