ஏழு நாள் விருந்தாளி

வாளித் தண்ணீரில் ஃபினாயிலைத் தாராளமாகவே ஊற்றினாள் சுகுணாவின் அம்மா.

பதினொரு மணிக்கு ஷைலஜா வருகிறாள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். போன வாரம் பின்சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியை இன்றைக்குக் கழற்றப் போகிறாள்.

பெட்டிக்குள் உயிருள்ள கிருமிகள் இருக்கின்றன. குப்பைமேட்டு நாற்றம் பட்டால் மினுங்குமாம். எத்தனை மினுங்கல் என்று பெட்டியே எண்ணிக்கொள்ளுமாம்.

எண் நூறைத் தாண்டினால் போதும். மேட்டை அகற்றச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம். வழக்கு நாளைக்கு வருகிறது.

மேட்டை ஒட்டின முதல் வீடு இவளுடையது. பெட்டி மாட்ட அதைவிடத் தோதான இடம் இல்லை.

அந்த மேடு நாசமாய்ப் போக வேண்டும் இவளுக்கு. மகள் சுகுணாவைப் பெண் பார்க்க இதுவரை மூன்று வீட்டார் வந்துவிட்டார்கள். கடைசியாக வந்தவர்கள் பஜ்ஜியைத் தொடக்கூட இல்லை. மாப்பிள்ளையின் அம்மா மூக்கிலிருந்து முந்தானையை எடுக்காமலே எழுந்து போனாள். சுகுணா தலையில் இருந்த பூவைப் பிய்த்தெறிந்து விட்டு அழுதாள்.

வயிறு எரியாதா பின்னே?

ஆனாலும் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வருகிறாள். எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பேன் என்று வேறு சொல்லியிருந்தாள். நாறுகிற வீட்டிலா அவளை உட்காரவைப்பது?

ஏழு நாளும் காலை மாலை ஃபினாயில் போட்டாள். பின்சுவரை மேலிருந்து கீழ்வரை துடைத்தாள். பெட்டியைத் தொடக் கூடாது என்று ஷைலஜா சொல்லியிருந்தாள். தொடவில்லை. சுற்றி மட்டும் துடைத்தாள். பெட்டிக்குள் காற்று போகிற ஓட்டைகளில் தூசு அடைந்திருந்தது. சொட்டச் சொட்ட நனைத்த துணியால் அதையும் ஒற்றி எடுத்தாள்.

ஃபினாயில் கிருமியைக் கொல்லும். பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது. அதை நம்பித்தானே வாங்குகிறோம்.

ஷைலஜா வந்தாள். முகக்கவசத்தைக் கழற்றவில்லை. பெட்டியைக் கழற்றி, ஒயரை மடிக்கணினியில் செருகி வெகுநேரம் பார்த்தாள். மறுபடி செருகினாள். மறுபடி பார்த்தாள்.

"அக்கா... சைபர் காட்டுது. உங்க வீட்டாண்ட நாத்தமே இல்லன்னு வருது."

அந்தப் பெண்ணின் குரல் ஏன் அப்படி உடைந்தது என்று இவளுக்குப் பிடிபடவில்லை. இவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

உள்ளே திரும்பிக் கூவினாள்.

"சுகுணா, கேட்டியாடி? நம்ம வூட்ல நாத்தமே இல்லியாம்!"